தலை குனிந்து நடந்த ஏழு மாதம்

பிரியமுள்ள மதினி,

பதில் தெரியாத ஒரு கேள்வியோடுதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒருவர் தலையைக் குனிந்துகொண்டே நடக்கிறார் என்றால், அது துக்கத்தினாலா வேறு எதனாலாவதா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர் எப்படித் தெரிந்துகொள்வது?

அண்ணனைத்தான் சொல்கிறேன். நீங்கள் போய், வருகிற புரட்டாசியோடு இரண்டு வருடம். முதல் வருடம் மலைக்கோயில் கூடாது என்பதால் அவர் பண்பொழி முருகன் மலைக்குப் போகவில்லை. வருஷம் திரும்பியதும் ஐப்பசி மாதக் கார்த்திகை நட்சத்திரத்துக்குப் போனார், அதற்கு அடுத்த மாதமும் போனார். மேலே வரை வண்டி போகிற ரோடு இருந்தும், நீங்கள் இருவரும் ஏறுகிற மாதிரியே படி வழியாகத்தான். மார்கழியிலிருந்து நின்றுவிட்டார். மலைக்கு மட்டுமில்லை, கடைத்தெருவுக்குக்கூடக் காரணமில்லாமல் போவதில்லை. போனாலும் தாடை நெஞ்சில் முட்ட, மெதுவாக, சுவரோரமாகப் போனார்.

"வருசம் முடிஞ்ச பெறகுதான் அண்ணாச்சிக்கு உறைச்சிருக்கு. தலையத் தொங்கப் போட்டுட்டாவ, பாக்கவே சங்கடமா இருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் நம்பினேன். ஊர் பேசுவதை அப்படியே நம்புகிறவள் இல்லை நான், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் இது நம்பும்படி இருந்தது. திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம்கூடக் கேட்டு வைத்தேன்.

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள், மார்கழியில் புதிதாக என்ன வந்தது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். மார்கழியில் வந்தது ஒரு கண்ணாடி. அதை வாங்கிக் கொடுத்தவள் நான்.

நீங்கள் இருந்தவரை அவருக்கு இரண்டு கண்ணாடி. வெளியே போக ஒன்று, பேப்பர் வாசிக்க ஒன்று. வாசிக்கிற கண்ணாடி வீட்டில் எங்கே இருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கையை நீட்டுவார், நீங்கள் கொண்டுவந்து வைப்பீர்கள். நீங்கள் போன பிறகும் கையை நீட்டினார். ஒரு வருடத்தில் மூன்று கண்ணாடி தொலைந்தது. ஒன்று பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்திரிக்காயோடு எங்கேயோ லாரியேறிப் போயிருக்கும் என்று அவரே சொன்னார்.

அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி என்று முடிவு செய்தேன். மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். நடுவில் கோடு போட்ட பைஃபோகல் ஒன்று. கோடே தெரியாத புரொக்ரசிவ் ஒன்று. அதில் மேல்பாதி தூரத்துக்கு, கீழே இறங்க இறங்கக் கிட்டத்துக்கு. இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. தென்காசியில் கண்ணாடிக் கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன்.

கடையில் இருந்த பெண் ஒழுங்காகத்தான் கேட்டாள். "சார் என்ன வேலை பாக்காங்க?"

"ரிட்டையர்டு" என்றேன் நான்.

"படி ஏறி எறங்குற பழக்கம் உண்டா?"

"மாடியில்லாத வீடு" என்றேன் நான்.

அண்ணன் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்போன் வெளிச்சத்துக்கென்று நீலப் பூச்சு ஒன்றை அவள் சொன்னபோது, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு அவளை வாயடைக்க வைத்தேன். அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். பழக இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

போன மாதம் சாரல் நன்றாகப் பிடித்தது. வீட்டிலேயே கிடக்கிறாரே என்று ஐந்தருவிக்கு வம்பாகக் கூட்டிப்போனேன். எல்லோரும் செய்வதுபோலக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குளிக்கப் போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈரப் படிகள். ஒன்றையும் பிடிக்காமல், தலையை நிமிர்த்திக்கொண்டு, முன்னால் போனவர்களை முந்தி விறுவிறுவென்று இறங்கினார். மின்கம்பம் ஏறியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவருடைய நடை.

குளித்துவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டார். அடுத்து இருந்த இரண்டே இரண்டு படியில் இறங்கத் தாடை நெஞ்சுக்குப் போய்விட்டது. வலது காலால் துழாவி முதல் படியைத் தேடினார்.

"அண்ணே, கண்ணாடி இல்லாம மட்டும் எப்படி அவ்வளவு வேகமா எறங்குனிய?"

"கண்ணாடி இருந்தாத்தான் கஷ்டம். கீழ பாத்தா படி மேல வந்து நிக்கி. தலைய நல்லாக் குனிஞ்சாத்தான் படி படியா இருக்கு."

"ஏழு மாசமாவா?"

"பழகிரும்னு சொன்னாவல்லா. பழகிட்டிருக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீ மூணு நாளு செல்லைப் பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தது. படிச்சவ, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எனக்குத்தான் மண்டையில ஏறலபோலன்னு" என்று ஈரத்தலையைத் துவட்டினார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாளே அதே கடை. அந்தப் பெண் கண்ணாடியை அவர் முகத்தில் வைத்துப் பார்த்தாள். "லென்சுல தப்பில்ல மேடம். குனியாமக் கண்ணை மட்டும் தாழ்த்துனா, வாசிக்கிற பவர் வழியாத்தான் படியப் பாப்பாங்க. மங்கலாத்தான் தெரியும். பலருக்குப் பழகிரும், சிலருக்குப் பழகாது." அப்புறம் என்னைத் தாண்டி அவரைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, ஒரு நாளைக்கு உங்க கண்ணு என்னென்ன பாக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். "ஏட்டி, என்கிட்ட கேக்காவ" என்றார் அண்ணன்.

மதினி, அவர் பத்து நிமிடம் பேசினார். காலையில் பேப்பர், மதியம் டிவி, சாயங்காலம் கம்பியில் வந்து உட்காரும் மைனாக்கள். கடைசியாக, "மலையில எறங்கையில அடுத்த படி தெரியணும். அதுக்கு அடுத்த படியும் தெரியணும். அது போதும்" என்றார். அவர் இன்னும் மலையை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்தக் கடையில்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்போ நடக்கதுக்குத் தூரக் கண்ணாடி மட்டும் ஒண்ணு தனியாப் போட்டுக்கோங்க. மேலயும் கீழயும் ஒரே பவர். இந்தப் பழசை உக்காந்திருக்கையில மாட்டிக்கிடுங்க" என்றாள். சாரல் துளி தங்காமல் வழுக்கி விழுகிற பூச்சு ஒன்று உண்டு என்றும் சொன்னாள். நான் ஆதாரம் கேட்கவில்லை. அண்ணன்தான், "குத்தாலத்துல அது ஒண்ணும் நிக்காது, துண்டு போதும்" என்றார்.

ஆக, மறுபடியும் இரண்டு கண்ணாடி. நீங்கள் ஒரு ஆராய்ச்சியும் செய்யாமல் நடத்திக்கொண்டிருந்த ஏற்பாடுதான். இப்போது தெருவில் நிமிர்ந்துதான் நடக்கிறார். ஆனால் அந்த ஏழு மாதத்தில் எத்தனை பங்கு லென்ஸ், எத்தனை பங்கு நீங்கள்? கண்ணாடியை மாற்றிய பிறகும் சில மத்தியானங்களில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். அதற்கு நான் காரணம் தேடப் போவதில்லை.

நாளை ஆடிக் கார்த்திகை. மலைக்குப் போகிறேன் என்றார். கூட்டமாக இருக்குமே, நானும் வருகிறேன் என்றேன். "சாமியே இல்லன்னு சொல்லுதவ நீ, உனக்கு அங்கன என்ன சோலி? காவலுக்கா?" என்றார். லீவு சொல்லிவிட்டேன். ஏழு மணிக்குக் கிளம்பலாம் என்று பேச்சு.

இதை நேற்று சாயங்காலம் எழுதி நிறுத்தினேன். இன்று நடந்தது இது.

ஆறரைக்கே போனேன். வீடு பூட்டியிருந்தது. முதல் பஸ்ஸில் போய்விட்டார் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இப்போது வாசிக்க மட்டும் என்று ஆகிவிட்ட அந்தப் பழைய கண்ணாடி மேஜையில் கிடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மாற்றுச் சாவியால் திறந்து அதைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் பண்பொழிக்குப் போனேன்.

அடிவாரத்தில் பூக்கடைகளுக்குப் பின்னால் நின்றேன். காவடிக் கூட்டத்துக்கு நடுவே இறங்கி வந்தார். யாரோ ஒருவரோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு, முகம் அந்த ஆளைப் பார்த்திருக்க, கால் பாட்டுக்குப் படியில் வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தார், பேப்பரை எடுத்தார், சட்டைப் பையைத் தடவினார். இல்லை. பேப்பரைக் கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கூட வந்தவரிடம் நீட்டி, "அண்ணாச்சி, தலைப்பை மட்டும் வாசிங்க, கேப்போம்" என்றார். அவர் சத்தமாக வாசித்தார். கடையே கேட்டது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கண்ணாடி என் பையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்; அவர் வருமுன் அதை மேஜையில் வைத்துவிட்டுப் பூட்டினேன்.

அடுத்த கார்த்திகைக்கு நானும் வருகிறேன் என்று நானாகக் கேட்க மாட்டேன், மதினி. அவர் கூப்பிட்டால் ஏறுகிறேன். அதற்கு வாக்குத் தருகிறேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
உமா