அறையில் ஆட்கள் எத்தனை

டிச. 5, வெள்ளி

காலையில் பனி. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே விரல் விறைத்துவிட்டது.

கெலவரப்பள்ளி பக்கம் ஒரு வீடு. அந்தோணி சார், ஒரு கம்பெனி டூல் ரூமில் இருந்து ரிட்டயர்டு. படுக்கையறைக்கு ஏசி. வெறும் குளிர் ஏசி வேண்டாம், பனிக்காலத்தில் சூடும் தர வேண்டுமாம். வடக்குப் பார்த்த அறை, வெயில் எட்டிப் பார்க்காது. ஜன்னல் ஒன்று. அளந்தேன். படிவத்தில் அறையில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். மனித உடம்பும் ஒரு குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடும், அதையும் கூட்டித்தான் மெஷின் அளவு சொல்வோம். கேட்டேன்.

"ரெண்டு பேருன்னு எழுதும்மா."

ஹாலில் அவர் மனைவி மேரியின் படம், கீழே சின்ன விளக்கு. போன வருஷம் இறந்தவர். நான் 1 என்று எழுதிக்கொண்டேன். அவர் பார்க்கவில்லை.

செவ்வாய் வரை காவேரிப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருப்பாராம். நல்லதாயிற்று, காலி அறையின் சூடும் தெரியட்டும். வெப்பம் குறிக்கும் கருவியை அலமாரி மேல் வைத்தேன். மெயின் ஆஃப். சாவி என்னிடம்.

வாங்க: பேட்டரி, தக்காளி, தலைவலி மாத்திரை.

டிச. 8, திங்கள்

மாலையில் போய்க் கருவியை எடுத்து வந்தேன். கம்ப்யூட்டரில் போட்டால், வெள்ளி, சனி இரண்டு நாளும் மதியம் 2.45க்குக் கோடு ஏறுகிறது. ஐந்து வரை அப்படியே. பிறகு இறக்கம். இன்றும் அதே 2.45. ஞாயிறு மட்டும் ஏறவே இல்லை.

வெயில் கிடையாது, கரண்ட் கிடையாது, பக்கத்தில் காலி மனை. கருவிக் கோளாறு என்றார் மேனேஜர். இன்னொரு கருவியோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டுகிறது. ஏறிய அளவு ஒரு ஆள் கணக்கு.

சோறு இறங்கவில்லை.

டிச. 9, செவ்வாய்

சாவி கொடுக்கப் போனேன். கோட்டைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"மேரிக்கு ஃபஸ்ட் ஷிஃப்ட் ரெண்டு மணிக்கு விடும்மா. கம்பெனி பஸ்ஸு ரெண்டரைக்கு எறக்கி வுடும். கை கால் கழுவிட்டு வந்து படுத்துருவா. ஞாயித்துக்கெழம லீவு, படுக்கமாட்டா. அவளுக்குக் குளுரு ஆவாது, அதான் சூடு கேட்டேன்."

காபி போட எழுந்தார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். அப்போது மணி 2.20.

ஆபீஸ் வந்து 1ஐ அடித்து 2 என்று போட்டேன்.

டிச. 10, புதன்

கருவி இன்று என் படுக்கையறையில். ஏன் என்று இங்கே எழுதக்கூட வெட்கம்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். நைட் ஷிஃப்ட்காரர். காலை எட்டுக்கு வருவார், மதியம் வரை தூங்குவார். நான் ஏழரைக்கே கிளம்பிவிடுவதால் பார்த்துக்கொள்வதே குறைவு. இன்று அவர் பக்கம் போர்வையை விரித்துவிட்டுப் பூட்டினேன். எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் நின்றேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

டிச. 12, வெள்ளி

இரண்டு நாள் கோடு பார்த்தேன். எட்டுக்கு இல்லை, ஒன்பதுக்கும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். தீக்குச்சி அளவு சூடுகூட இல்லை.

பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. இப்போது இருப்பது பொறாமை.

அந்தோணி சார் வீட்டில் திங்கள் மெஷின் மாட்டுகிறார்கள். நான் போக வேண்டிய அவசியம் இல்லை. போவேன். மாட்டுகிறவர்கள் கிளம்பியதும் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், அவங்க வர நீங்க என்ன சார் செஞ்சீங்க என்று.