காட்டுக்குப் படிக்கப் போனவள்

என்னங்க,

இன்று காலை சமையலறை ஜன்னலைத் திறந்ததும் புகை வாடை. விறகுப் புகை அல்ல. நிலமே எரியும்போது வருமே, ஈரக் கரியும் வேரும் கலந்த அந்தக் கமறல். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா முகக்கவசத்தோடு காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலை மூடவில்லை. புகை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வாசலுக்குப் போனேன். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் லோரிச் சாவியைத் தேடியிருப்பீர்கள்.

அப்போதே நான் நாற்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை. வனவியலில் முதுகலை படிக்கப்போவதாக ஜெராமில் உங்கள் அண்ணன் வீட்டில் வைத்துச் சொன்னோம், நினைவிருக்கிறதா? அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "நம்ம தாத்தா காட்ட வெட்டத்தான் கப்பலேறி வந்தாரு. இவ என்னா, திரும்ப நடப் போறாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ஆமாண்ணே, நடத்தான் போறா. கன்னுங்கள நான் லோரில ஏத்திக்கிட்டுப் போவேன்" என்றீர்கள். காட்டை வெட்டி நட்ட செம்பனையின் எண்ணெய்க் குலைகளை ஏற்றிப் பிழைத்த மனிதர் அப்படிச் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் இருவரும் என் ஆய்வுக்காகச் சதுப்புக்காட்டுக்குப் போவோம். காலங்காலமாக விழுந்த மரங்கள் நீருக்குள் மக்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கும் நிலம் அது. நீர் நிற்கும்வரை அந்த மரங்களின் கரி உள்ளேயே உறங்கும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்றில் கலந்து உலகத்தைச் சூடாக்கும். தீப்பொறி பட்டால் மண்ணுக்கடியிலேயே எரிந்துகொண்டு போகும். நான் இதையெல்லாம் விளக்க, நீங்கள் நிலத்தில் இறக்கிய குழாய்க்குள் கம்பியை விட்டு நீர்மட்டம் பார்த்தபடி, "டீச்சர், இதுக்குப் பரீட்ச இருக்கா?" என்பீர்கள்.

வன இலாகாவின் அனுமதியோடு பழைய வாய்க்கால் ஒன்றை மணல்மூட்டைகளால் அடைத்தோம். கரையில் மஹாங் மரக்கன்றுகளை நட்டோம். அவை முழங்கால் உயரம் வந்த நேரத்தில் யாரோ அடைப்பை இயந்திரத்தால் தோண்டித் திறந்துவிட்டார்கள். யாரோ என்ன, பக்கத்துச் செம்பனை நிலத்துக் குத்தகைக்காரர்தான். நீங்கள் லோரி ஓட்டிய முதலாளியும் அவர்தான். பேசாமல் இருங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் நேரே போய், "தவுக்கே, அந்தப் பக்கத்தக் காயவச்சா நெருப்பு ஒங்க மரத்தையும் கேக்கும் லா" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். நாளை முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்.

"வேல போச்சு" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். "செகிஞ்சான்ல நெல்லு ஏத்தறதுக்கும் ஆளு வேணும்தானே."

அந்த வருட வறட்சியில் நெருப்புப் பிடித்து, கன்றுகள் எல்லாம் எரிந்தன. தீயணைக்க வந்த பொம்பாக்காரர்கள் நிலத்துக்குள் நீரைப் பாய்ச்சிக்கொண்டிருக்க, நான் சாம்பலில் நின்று அழுதேன். நீங்கள் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. "எவ்ளோ ஆழம் எரிஞ்சிருக்குன்னு அளக்கணும்ல?" என்று கம்பியை நீட்டினீர்கள். அப்போது உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் அளந்தேன்.

அடுத்த அறுவடையில், நெல் ஆலை வாசலில் லோரிகள் வரிசையில் நின்றபோது, ஓட்டுநர் இருக்கையிலேயே உங்கள் நெஞ்சு நின்றுபோனது. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்களாம். அவர்களுக்கு எப்படித் தெரியும்? இருந்தும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாற்பதாம் நாள் செபத்துக்குப் பிறகு அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். "போதும்மா. தம்பி கூட வந்தவரைக்கும் சரி. இனிமே நீ தனியா வன இலாகா ஆம்பளைங்களோட காட்டுக்குள்ள போனா நாலு பேரு என்னா சொல்வாங்க?"

"என்னா சொல்வாங்க அத்தான்? நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவர் எழுந்து வாசல் பக்கம் நடந்தார்.

"சனிக்கிழம போறேன். நீங்களும் வந்தா மூட்ட தூக்க ஒரு ஆளாச்சு."

அவர் வரவில்லை. உங்கள் அண்ணி வந்தார். கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள். "அவருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார். மணல்மூட்டையைத் தூக்கினார். பிறகு தன் தோட்டத்துத் தோழிகளையும் அழைத்து வந்தார். வாய்க்காலை மறுபடி அடைத்தோம், மறுபடி நட்டோம். என் ஆய்வேட்டை முடித்துப் பட்டமும் வாங்கினேன். இன்றைய புகை தெற்கிலிருந்து வருகிறது. நம் பக்கத்தில் நீர் நிற்கிறது.

போன வாரம் கோலா சிலாங்கூரில் ஒரு கூட்டம். செம்பனை நிலத்துக்காரர்கள் காட்டோரமாகப் புது வாய்க்கால் வெட்ட அனுமதி கேட்கிறார்கள். நான் எழுந்ததும் மேடையில் இருந்தவர், கேள்விகளுக்குப் பிறகு நேரம் தருவோம், உட்காருங்கள் என்றார். இது கேள்வி இல்லை என்று மலாயில் சொன்னேன். உட்காரவில்லை. எரிந்த ஆழத்தையும் நிற்கும் நீரையும் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை நின்றேன். முடிவு இன்னும் வரவில்லை. நமக்கு எதிராக வரலாம். வந்தால் அடுத்த கூட்டத்திலும் எழுந்து நிற்பேன்.

காட்டுக்கு உங்கள் ரப்பர் பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். எனக்குப் பெரிது; முனையில் துணி அடைத்திருக்கிறேன். சேற்றில் மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வந்துவிடுகிறது. குனிந்து, இரு கையாலும் இழுத்தெடுத்து, மாட்டிக்கொண்டு நடக்கிறேன். "ஒன் அளவுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக்கயேன்" என்கிறார் அண்ணி.

வாங்க மாட்டேன்.