புன்னைக்காயல் வழியில் நீ வாங்கிய சத்தியம்

இன்று காலை வண்டி பஞ்சர். கடைக்கார அண்ணாச்சி டியூபைத் தேய்த்து சொல்யூஷன் தடவியதும் அந்த நெடி மூக்கில் ஏறியது. நடு ரோட்டில் நாம் ஒட்டிய பஞ்சர் நினைவுக்கு வந்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன்மேல் எனக்குள்ள கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கப்பல் ஏஜென்சியில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். நீ ஒரு கோட்டைப் பைத்தியம். இந்தக் கரையில் எவன் எங்கே மதில் எழுப்பினான், எங்கே பீரங்கி வைத்தான் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதிவைத்திருந்தாய். மூன்று நாள் லீவு போட்டு எல்லாவற்றையும் சைக்கிளிலேயே பார்த்துவிடலாம் என்றாய். நாற்பத்தெட்டு வயதில் இரண்டு பெண்கள் சைக்கிளில் கிளம்பியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

முதல் நாள் பாஞ்சாலங்குறிச்சி. வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையின் அடித்தளம் வெயிலில் கிடந்தது. நான் நிழல் தேடினேன். நீ மதிலின் அகலத்தை அடிவைத்து அளந்தாய். சற்றுத் தள்ளி, சண்டையில் செத்த வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகள். அங்கே நின்று சொன்னாய்: "எந்தக் கோட்டையும் பீரங்கியால மட்டும் விழல, ஏளா. உள்ள இருந்த ஒருத்தன் வாயத் தொறந்திருப்பான்."

மறுநாள் உப்பளங்களைத் தாண்டிப் புன்னைக்காயலுக்குப் போனோம். போர்ச்சுகீசியர் கட்டிய மண்கோட்டை இருந்த ஊர். இப்போது அதன் சுவடுகூட இல்லை. ஊருக்கு முன்னாலேயே உன் டயரில் உடைமுள் ஏறிவிட்டது. பஞ்சரை நாமே ஒட்டினோம். காற்றடிக்கும்போது இடது கையை அழுத்த முடியாமல் முகத்தைச் சுளித்தாய்.

"என்னளா ஆச்சு?"

"மார்ல ஒரு கட்டி. ஆறு மாசமா இருக்கு."

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"மவ கல்யாணம் முடியட்டும். இப்பம் தெரிஞ்சா மாப்ள வீட்ல யோசிப்பாவ. நீ வாயத் தொறக்கக் கூடாது. எம் மவ மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். நடு ரோட்டில், பசை ஒட்டிய கையோடு.

மூன்றாம் நாள் மணப்பாடு வரை உன் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். "ஏன் உம்முன்னு வார? நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டு நீயே சிரித்தாய். கடலைப் பார்த்த மணல்மேட்டில் ஏறி நின்று போட்டோ எடுக்கச் சொன்னாய். எடுத்தேன்.

கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதமும் உன் புருஷனைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தியம் மட்டும் என்னைத் தடுக்கவில்லை. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை இப்போதுதான் எழுத முடிகிறது.

கல்யாணம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் எலும்புவரை போயிருந்தது. துக்க வீட்டில் உன் மகள் என்னிடம் வந்தாள்.

"சித்தி, உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என் கல்யாணத்துக்கு வந்து சாப்ட்டுட்டுப் போனியளா?"

"அங்கன போய் உக்காருங்க" என்று வாசலைக் காட்டினாள். அதன்பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. உன் பிள்ளையைக் காப்பதாக நினைத்தாய். அவள் தன் கல்யாண ஆல்பத்தைத் திறப்பதே இல்லையாம்.

உன் மேசைக்கு வந்த பெண் போன மாதம் இருமலில் ரத்தம் வருவதாகச் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லிராதிய அக்கா" என்றாள். சரி என்றேன். சாயங்காலமே அவள் புருஷனுக்குப் போன் செய்துவிட்டேன். மறுநாள், "உங்கள நம்புனேன்லா" என்று மட்டும் கேட்டாள். வேறு அறைக்கு மேசையை மாற்றிக்கொண்டாள். இப்போது வைத்தியம் நடக்கிறது. வராந்தாவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

திருப்பட்டும். அந்த வெறுப்பை அன்றே உன்னிடம் வாங்கியிருந்தால், நீயும் இந்த ஊரில் எங்கோ ஒரு தெருவில் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய்.