நாளைக் காலைக் காட்சி

வியாழன், இரவு.

நான் நடித்த படம் நாளை கோவில்பட்டியில் வெளியாகிறது. ஊரே வேன் பிடித்து வருகிறது. படத்தில் நான் பாடும் பாட்டுக்கு வாயசைத்தது மட்டும்தான் நான். குரலை மாற்றிவிட்டார்கள். என் குரல் கரடுமுரடாம். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கோயில் கொடை விழாக்களில் எனக்குப் பின்பாட்டுப் பாடும் செல்வி மதினிக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

சாயங்காலம் மதினியே வீட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி, ஒன் பாட்டு வரும்போது பொம்பளையாளுவ எல்லாரும் சேந்து குலவை போடப் போறோம், பாத்துக்க."

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"பாட்டு முடியுத வரைக்கும் குலவைய நிறுத்தாதீங்க, மதினி."

வாசல்படி இறங்கியவள் திரும்பி என்னையே பார்த்தாள்.

"அப்ப ஒன் பாட்ட நாங்க எப்பிடிட்டி கேக்க?"

சிரிக்காமல்தான் கேட்டாள்.