நீங்கள் நட்ட கரை

ஆரணி
13.11.1978

அன்புள்ள என்னவருக்கு,

கரை நிற்கிறது! அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வீடும் தறியும் பத்திரம்.

மூன்று நாள் விடாத மழை. வியாழக்கிழமை காலையில் நாகநதி இரு கரையும் முட்ட வந்தது. பக்கத்து வீட்டு ஜெகநாதன் தோட்டத்தில் கரை பொலபொலவென்று சரிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு தென்னை மரங்கள் வெள்ளத்தோடு போயின. அடுத்தது நம் வீடுதான் என்று பயந்து, தறியிலிருந்த பட்டுப் பாவு நூலை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் வந்து பார்த்தேன். நீங்கள் நட்ட நொச்சியும் நாணலும் சேற்றில் சாய்ந்து கிடந்தன. வேர் மட்டும் மண்ணை விடவே இல்லை. நம் பக்கம் ஒரு முழம்கூட அரிக்கவில்லை! அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

"தறிய விட்டுட்டுப் புல்லு நட்டுகினு இருந்தா சோறு வருமா?" என்று அன்று தெருவே கேட்க நம் வீட்டில் ஒருத்தி கத்தினாள், நீங்களும் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். அவள்தான் இப்போது வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த வேரைக் காட்டுகிறாள்.

ஜெகநாதன் நேற்று வந்தார்.

"நானும் கரையில நொச்சி நடணும். அண்ணன்தான் வந்து சொல்லித் தரணும். எப்ப வராரு?" என்றார்.

"வர ஞாயித்துக்கெழம வராருங்க" என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி