கொம்படிச் சேற்றுக்கு இரண்டு இரும்புக் கைகள்

சிவமயம்

கொடிகாமம்
ஆவணி மாதம், 1992

அன்பு மகன் பஞ்சலிங்கத்துக்கு,

குஞ்சியப்பு தம்பிஐயா எழுதிக்கொள்வது. பிள்ளையார் எங்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வதால் நானும் சின்னம்மா பூரணமும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மற்றக் கண்ணால் உன்னை அமெரிக்காவில் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தேங்காய் உடைத்திருக்கிறேன், ஆகையால் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். நாளைக்கு விடிய உன் அம்மாவை என்னுடைய பிக்கப்பில் ஏற்றிக் கொம்படிக் களப்பின் சேறு கடந்து அக்கரையில் விடப்போகிறேன். சண்டையால் ஆனையிறவு றோட்டு பூட்டிக் கிடக்கிறது, வேறு வழியில்லை. அங்கிருந்து வவுனியா, கொழும்பு, பிறகு பிளேன், பிறகு நீ. "குஞ்சியப்புவின்ரை வாகனத்திலை மட்டும் ஏறாதேங்கோ அம்மா" என்று நீ எழுதியிருந்ததை அவ எனக்கு இரண்டு தரம் சத்தமாக வாசித்துக் காட்டினா. எனக்குக் கோபமில்லை மகன். பாலைவனத்தில் ஓடுகிற ரேஸ் லொறிகளுக்குப் பின் அச்சைப் பிடிக்கிற இரும்புக் கை செய்கிறவன் நீ, போன ஓட்டத்தில் நீ செய்த கை ஒன்று முறிந்தும் போனது, பயம் வரத்தான் செய்யும். எனக்கு ஏன் பயமில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிக்கப்பின் பின் வில்லுத் தகடுகள் இரண்டு பக்கமும் முறிந்துவிட்டன. அரசாங்கம் ரோச் பற்றரிக்கே தடை போட்ட ஊருக்குள் வில்லுத் தகடு எங்கே வரும்? மற்றவர்கள் என்றால் வாகனத்தைக் கோழிக்கூடு ஆக்கியிருப்பார்கள். நான், உன் வேலையைக் காட்ட நீ முன்பு அனுப்பிய படத்தை எடுத்து விரித்தேன். பின் அச்சை வாகனத்தின் சட்டத்தோடு பிடித்துக்கொண்டு சில்லோடு சேர்ந்து ஏறி இறங்குகிற அந்த நீள இரும்பு, நீ ஆர்ம் என்கிறாய், நான் கை என்கிறேன், அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று என் அண்ணன், உன் அப்பா, இருக்கும்போது என்னைச் சொல்வார், ஆறாம் வகுப்பில் இதையா படிப்பித்தார்கள்? முதலில் தண்டவாளத் துண்டில் செய்தேன், அது இடியே விழுந்தாலும் வளையாது, ஆனால் பூட்டினவுடன் பிக்கப் சினை எருமை மாதிரிப் படுத்துவிட்டது. குருநகரில் படகு எஞ்சின் பார்த்த சூசைதாசன்தான் இப்போது என்னோடு வெல்டிங் ஒட்டுவேலை செய்கிறான், அவன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இதுக்கு எஞ்சின் வேண்டாம், நங்கூரம் போதும்" என்றான். அவனுடைய நக்கலைப் பொறுத்துக்கொண்டு பழைய லொறிச் சட்டத்தின் தகட்டை வெட்டிப் பெட்டிபோல மடக்கி, மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை வைத்து ஒட்டினோம். நீ பாரம் குறைக்கக் கையில் ஓட்டை போட்டிருக்கிறாய், நான் போடவில்லை, ஓட்டை வழியாகச் சேறு போனால் ஒவ்வொரு கையும் ஒரு பானை சேறு சுமக்கும், பாலைவனத்தில் இருக்கிற உனக்கு அது தெரிய நியாயமில்லை. மூட்டுக்கு லொறி டயரை வட்டமாக வெட்டி அடுக்கினேன். அதற்கு மேலே, சண்டையால் ஓடாமல் நிற்கிற கோச்சி ரயிலின் சுருள் வில்லு. நிவாரணம் கொண்டுவந்த ஒரு வெள்ளைக்காரத் துரை றோட்டில் இறங்கிக் குனிந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றினார் என்றால் பாரேன். வெயிலுக்குக் கழற்றினார் என்று சூசைதாசன் சொல்வான், அவனுக்கு எரிச்சல்.

வேலை முடிந்ததும் வழக்கம்போல நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சங்காய் வைத்தோம். உன் அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தா. நான் கெம்பீரமாக ஓட்டிப் போய் இறங்கினால் கைதட்டுவார்கள் என்று பார்த்தேன், பூரணம் நிலத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறா. "முன் சில்லு நசிச்ச காயைப் பின் சில்லு மிதிக்கேல்லையப்பா, ரெண்டு பக்கமும் ஒரே பக்கமா விலத்திப் போயிருக்கு. உது நண்டு மாதிரியெல்லே போகுது" என்றா. ஒருக்கால் மிதித்ததை மறுபடி மிதிப்பது நல்ல வாகனத்துக்கு அழகில்லை என்று விளக்கம் சொன்னேன்.  உன் அம்மா எழும்பிப் பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டா மகன். அதுதான் எனக்குச் சுட்டது. கயிறு பிடித்துப் பார்த்தால் இடது கை வலது கையைவிட இரண்டு விரல் நீளம், அச்சு சரிந்து நிற்கிறது. நடந்தது என்னவென்றால் வலது கையை நான் என் சாணால் அளந்தேன், இடது கையைச் சூசைதாசன் தன் சாணால் அளந்தான். அவனுடையது வலையும் இழுத்த கை, சுளகு மாதிரி விரியும். "உங்கடை சாண்தான் கட்டை" என்று அவன், "உன்ரை சாணிலை மீன் வித்தால் கடைக்காரன் அழுவான்" என்று நான், ஒரு பின்னேரம் இதிலேயே போனது. அளக்கிற அடிமட்டம் வீட்டில் இல்லாமலில்லை, இரண்டு பேருக்கும் அதை எடுப்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. கடைசியில் பூரணம் பனஞ்சலாகை ஒன்றை முறித்துத் தந்து, "ரெண்டு கையையும் இதாலை அளவுங்கோ, சாணை வீட்டிலை வையுங்கோ" என்றா. அந்த யோசனை எனக்கும் வந்துகொண்டிருந்த நேரம்தான்.

இரண்டையும் கழற்றி, வெட்டி, அந்த ஒரே சலாகைக்கு ஒட்டினோம். திரும்பவும் எலுமிச்சங்காய் வைத்தேன், முன் சில்லு நசித்ததைப் பின் சில்லு அரைத்துச் சாறாக்கியது. வெங்காய மூட்டைகளை ஏற்றி வயல் வரம்பெல்லாம் பாய்ந்தேன், பின்னால் வைத்த தேத்தண்ணி சிந்தவில்லை, கொஞ்சம் சிந்தியது, அது பூரணம் விளிம்புவரை ஊற்றியதால். திரும்பி வந்தபோது உன் அம்மாவின் பை முன் சீற்றில் இருந்தது. அவவே கொண்டுவந்து வைத்திருக்கிறா. வெள்ளைக்காரத் துரையின் தொப்பியெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான் மகன்.

ஆகவே உனக்குச் சொல்வது, உங்களிடம் கொம்பியூட்டர் இருக்கட்டும், அடுத்த ஓட்டத்துக்கு முன் நாலு எலுமிச்சங்காயும் வை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், உள்ளே இருந்து ஓட்டுகிறவனுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருக்கிறா. குளிருக்குத் தலையை மூடு, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு இடது முழங்கால் நோகும், படியில் ஏறவிடாதே, கேட்டால் நோகவில்லை என்றுதான் சொல்லுவா.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவவின் பைக்குள் வைக்கிறேன். நீ இதை வாசிக்கிறாய் என்றால் என் கைகள் தாங்கிவிட்டன, இனி அதைப் பற்றிக் கதை வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. கோச்சி வில்லு பாரம் இருந்தால் தாலாட்டுகிறது, வெறுமையாக ஓடினால் துள்ளி எறிகிறது. நாளைக்கு அவவை இறக்கிவிட்டு நான் அதே சேற்றால் தனியத்தான் திரும்பி வரவேண்டும். பாரம் இல்லாத வாகனத்தை அமைதியாக ஓட்ட உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?

நீடூழி வாழ்க என்று வாழ்த்தும்,
உன் குஞ்சியப்பு
தம்பிஐயா