கப்பல் மூழ்கிய தேதியில் கமலத்தின் கல்யாணம்

13 மார்ச் 1932, ஞாயிறு. கிள்ளான்.

தங்கை மகள் கமலத்தின் கல்யாணம் இன்று கைநழுவப் பார்த்தது. நல்லவேளை, தாய்மாமன் நான் கூட இருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டு மாற்றப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. எந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது என்று பத்திரிகை பார்த்து நோட்டில் எழுதி வைக்கிற மனிதர். கல்யாணத் தேதியைச் சொல்லித் தாம்பூலத் தட்டை நீட்டினேன். வாங்காமல் நோட்டைப் புரட்டினார்.

“ஏப்ரல் பதினஞ்சு வேணாங்க. அந்தப் பெரிய கப்பல் பனிப்பாறையில மோதி மூழ்கின தேதி. அமெரிக்க ஜனாதிபதி ஒருத்தர் குண்டடிபட்டுச் செத்ததும் அன்னிக்குத்தான்.”

தங்கை முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். நான் விடுவேனா?

“அட சம்பந்தி! அதே ஏப்ரல் பதினஞ்சுலதான் நான் இந்த மலாயாவுல வந்து எறங்கினேன். நடுக்கடல்ல புயல். கப்பலோட்டுற கப்பித்தானே அழுதுட்டாரு. நான்தான் சுக்கானைப் பிடிச்சேன். ஆயிரம் பேருல ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லே!”

“நெசமாவா?”

“இவளைக் கேளுங்க, கூடத்தான் வந்தா” என்று மனைவியைக் காட்டிவிட்டேன். காட்டிய பிறகுதான் உறைத்தது. நாங்கள் வந்தது புரட்டாசியில்.

“ஆமாங்க, பத்திரமா வந்து சேந்தோம்” என்றாள் அவள். தேதியைத் தொடவே இல்லை.

சம்பந்தி என் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டு தட்டை வாங்கினார்.

திரும்பும் ரயிலில் மனைவி என் காதோரம், “சுக்கானைப் பிடிச்சீங்களாக்கும்! வழி பூரா வாந்தி எடுத்த உங்க தலையைப் பிடிச்சவ நான்” என்றாள்.

சொல்லிக்கொள்ளட்டும். தட்டு மாறிவிட்டது. கண் சொக்குகிறது.